பெரிய எண்ணும் சிறிய எண்ணும்

இந்த இதழில் வழக்கமாக நூல்கள் விமரிசனத்திற்கு வரும். நான் இப்போது எடுத்துக்கொண்டிருப்பது நூல் அன்று. 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றின் முகப்பில் அச்சாகியிருக்கும் சில எண்களும் எழுத்துகளும்தான். கடையில் மெமரி கார்டு என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவே. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் இத்தனை செய்திகளை அடைத்து வைத்திருக்கும் வேறு பொருள் நம் வீட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அச்செய்திகளைப் படிக்காமலே வாங்குகிறவர்கள் பலர். நான் படித்துத்தான் வாங்கினேன். ஆனால் படிக்க வேண்டிய வரியை விட்டுவிட்டு வேறு வரியைப் படித்தேன்.

2019 டிசம்பர் 26 அன்று காலை தமிழ்நாட்டின் குறுக்கே வளையச் சூரிய கிரகணம் ஒன்று கடந்து சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்கள் அதன் பாதையில் இருந்தன. திண்டுக்கல் பகுதியில் காலை 9.30 மணியை ஒட்டி ஏறத்தாழ 3 நிமிடம் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. எங்கள் கல்லூரி மாணவர்கள் அதை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. வளையம் மூடிக்கொள்ளும் கணம் இரண்டாம் தொடுகை. அது உடையும் கணம் மூன்றாம் தொடுகை. நிலவின் விளிம்பிலுள்ள மலைகளுக்கும் பள்ளங்களுக்கும் இடையே ஒளி மணிமணியாகச் சிதறித் தெரிவது இவ்விரு கணங்களில்தான். வடிகட்டி பொருத்திய தொலைநோக்கியில் கேமராவை இணைத்து, விநாடிக்கு 30 படங்களாகப் பதிவுசெய்தால் இரண்டு தொடுகைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தை விநாடியின் முப்பதில் ஒரு பங்கு வரை அளக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்கு. நானும் தலையசைத்தேன்.

கேமராவைத் திருமண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கினோம். அட்டையை மட்டும் நான் வாங்கினேன். அதன் முகப்பில் விநாடிக்கு 100 மெகாபைட் வரை என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது 4கேவுக்குத் தாங்காது சார். அந்தப் பெரிய நம்பரைப் பாக்காதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கேமரா பதிவு செய்வது விநாடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 12.5 மெகாபைட். அட்டையின் வேகமோ 100. எட்டு மடங்கு அதிகம். "அண்ணே, கணக்குச் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி வந்துவிட்டேன். முதல் நாள் மாலை அரை நிமிடம், அரை நிமிடமாக நான்கைந்து முறை பதிவுசெய்து பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை 8 மணியைத் தாண்டி நிலவு சூரியனைத் தொட்டதிலிருந்து விட்டுவிட்டுப் பதிவு செய்துகொண்டே வந்தோம். அட்டை நிறையவே, வேண்டாத துண்டுகளைக் கேமராவிலேயே அழித்து இடம் செய்தோம். இரண்டாம் தொடுகை அழகாகப் பதிவாயிற்று. வளையம் மூடி ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகியிருக்கும். கேமராவின் திரையில் அட்டையின் எழுதும் வேகம் போதாமையால் பதிவு நிறுத்தப்பட்டது என்ற அறிவிப்புத் தோன்றியது. மாணவி ஒருத்தி உடனே பொத்தானை அழுத்தினாள். சில விநாடிகள் ஓடி மீண்டும் நின்றது. மூன்றாவது முறை கேமரா எதையோ எழுதி முடிக்கக் காத்திருந்தது. அது தயாரானபோது வளையம் உடைந்து பிறையாகியிருந்தது. எங்களிடம் மூன்றாம் தொடுகை இல்லை. அட்டையை மாற்றலாம், கேமராவை மாற்றலாம். அந்த மூன்று நிமிடத்தை மாற்றி வாங்க முடியாது.

என் கணக்கில் எங்கே பிழை? பெருக்கலிலோ வகுத்தலிலோ பிழை இல்லை. ‘100 மெகாபைட் வரை’ என்ற தொடரில் எண்ணைப் படித்தேன், ‘வரை’ என்ற சொல்லைப் படிக்கவில்லை. வரை என்பது மேல் எல்லை. வீடியோ பதிவு செய்கிறவனுக்கு வேண்டியதோ கீழ் எல்லை. ஓர் ஆறு வெள்ளக் காலத்தில் எவ்வளவு பெருகும் என்பதைச் சொல்லி, கோடையில் அதை நம்பிப் பயிர் வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மேலும் அந்த 100 என்பது எழுதும் வேகமே அன்று. அட்டையிலிருந்து படிக்கும் வேகம். பதிவான படத்தைக் கணினிக்கு மாற்றும்போதுதான் அதனால் பயன். வீடியோ எடுப்பதற்காக விற்கப்படும் பொருளின் முகப்பில், வீடியோ எடுக்கும்போது பயன்படாத எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவது பொய்யன்று. அச்சிட்டவர் ஒரு சொல் கூடத் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் உண்மைகளை எந்த அளவு எழுத்தில் அச்சிடுவது என்பதிலேயே வாங்குகிறவனைத் திசைதிருப்ப முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இன்று 170, 200 என்று போட்ட அட்டைகளும் கிடைக்கின்றன. இவற்றில் பலவற்றின் முகப்பில் ஒற்றைக் கோடாக உரோமானிய எண் ஒன்று இருக்கும். அந்தக் குறி அட்டைக்கும் கருவிக்கும் இடையிலுள்ள பாதையின் வகையைச் சொல்வது. அந்தப் பாதையில் நெறிமுறைப்படி விநாடிக்கு 104 மெகாபைட்டுக்கு மேல் செல்ல முடியாது. அப்படியானால் 170 எங்கிருந்து வந்தது? தயாரிப்பாளர் தமக்கென வகுத்துக்கொண்ட தனி முறையில், அதற்கேற்ற படிப்பானில் செருகினால் வரும். உங்கள் கேமராவில் செருகினால் வராது. உரோமானிய எண் இரண்டு போட்ட அட்டைகளின் முதுகில் இரண்டாவது வரிசையாகத் தொடுமுனைகள் இருக்கும். அவற்றின் பாதை 312 மெகாபைட் வரை தாங்கும். கேமராவிலும் அந்த இரண்டாவது வரிசை இருந்தால்தான் பயன். இல்லாவிட்டால் அதிக விலை கொடுத்து வாங்கிய அட்டை பழைய பாதையிலேயே ஓடும்.

பாதை அகலமாக இருந்தும் எழுதுவது ஏன் மெதுவாக நடக்கிறது? இங்கேதான் இயற்பியல் வருகிறது.

இந்த அட்டைகளுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984இல் இதை உலகுக்கு அறிவித்தார். இன்று அட்டைகளில் பயன்படும் நேண்ட் என்னும் வகை 1987இல் வெளியாயிற்று. ஒரே அடியாக அழிந்துபோகும் அதன் இயல்பு கேமராவின் பளிச்சென்ற மின்னல் விளக்கை நினைவூட்டியதால் அவருடைய சக ஊழியர் ஒருவர் இந்தப் பெயரைச் சொன்னாராம். அந்தப் பெயரிலேயே நம் பிரச்சினையின் பாதி அடங்கியிருக்கிறது.

ஒவ்வொரு நினைவுச் சிற்றறையும் ஒரு டிரான்சிஸ்டர். அதனுள் நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு தீவு உண்டு. அங்கே எலெக்ட்ரான்களைக் கொண்டு சேர்ப்பதே எழுதுதல். கடத்தாப் படலம் சில நானோமீட்டர் தடிப்புள்ளது. சாதாரணமாக எலெக்ட்ரான் அதைத் தாண்டாது. அதனால்தான் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பதிவு பல ஆண்டுகள் நிற்கிறது. 15 முதல் 20 வோல்ட் அளவுள்ள அழுத்தத்தைக் கொடுத்தால், குவாண்டம் இயற்பியலில் நீங்கள் படிக்கும் சுரங்கவழி விளைவினால் எலெக்ட்ரான்கள் படலத்தை ஊடுருவி உள்ளே செல்கின்றன. வகுப்பில் கரும்பலகையோடு முடிந்துவிடும் அந்தப் பாடம் உங்கள் சட்டைப் பையிலிருக்கும் கைபேசியில் நாள் முழுதும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு சிற்றறையில் ஒரே ஒரு பிட் மட்டும் வைப்பதானால் வேலை எளிது. தீவில் மின்னூட்டம் இருக்கிறதா, இல்லையா என்ற இரண்டு நிலை போதும். ஆனால் விலையைக் குறைப்பதற்காக ஒரே அறையில் மூன்று பிட்கள் வைக்கிறார்கள்; அப்போது எட்டு நிலைகள் வேண்டும். நான்கு பிட்கள் வைத்தால் பதினாறு நிலைகள். எண்ணெய்க் கடையில் புட்டியை நிரப்பி மூடுவது ஒரு வேலை. பதினாறு கோடுகள் போட்ட புட்டியில் குறித்த கோட்டுக்குச் சரியாக ஊற்றுவது வேறு வேலை. சிறிது ஊற்ற வேண்டும், பார்க்க வேண்டும், இன்னும் சிறிது ஊற்ற வேண்டும். அட்டைக்குள்ளும் அப்படியே சிறு சிறு மின்துடிப்புகளாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின் அளந்து பார்த்து எழுதப்படுகிறது. படிப்பதற்கு அளந்தால் மட்டும் போதும். படிக்கும் வேகம் எழுதும் வேகத்தை மிஞ்சுவதன் காரணம் இதுவே.

இதை மறைக்க ஒரு சாமர்த்தியம் உண்டு. பல அட்டைகள் தம் அறைகளில் ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் வைத்துக்கொண்டு, வருவதையெல்லாம் முதலில் அங்கே விரைந்து எழுதிக்கொள்கின்றன. பிறகு ஓய்வு கிடைக்கும்போது மூன்று பிட், நான்கு பிட் அறைகளுக்கு மாற்றிக்கொள்கின்றன. புகைப்படம் எடுக்கிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே ஓய்வு உண்டு. வீடியோவில் ஓய்வு ஏது? அந்த விரைவுப் பகுதி நிரம்பியதும் அட்டையின் உண்மையான வேகம் வெளிப்படுகிறது. முதல் நாள் மாலை நாங்கள் செய்த அரை நிமிடச் சோதனைகள் அனைத்தும் அந்த விரைவுப் பகுதிக்குள்ளேயே முடிந்துவிட்டிருக்க வேண்டும். சோதித்தோம் என்று நினைத்தோம்; உண்மையில் விளம்பரத்தைத்தான் சோதித்தோம்.

அழிப்பது இன்னொரு தொல்லை. இந்த நினைவகத்தில் ஒரு பக்கத்தைத் தனியே எழுதலாம். தனியே அழிக்க முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு முழுத் தொகுதியையே அழிக்க வேண்டும். வகுப்பறைக் கரும்பலகையை முழுதாகத் துடைக்கும் டஸ்டர் மட்டுமே என்னிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வரியை மாற்ற வேண்டுமானால், மற்ற வரிகளைப் பக்கத்துப் பலகையில் எழுதிக்கொண்டு, இந்தப் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் மாற்ற முடியும். அட்டை கிட்டத்தட்ட நிறைந்த நிலையில், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகளை அழித்து அந்த இடைவெளிகளில் எழுதச் சொன்னால், அதனுள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இப்படிப் பலகை மாற்றிக்கொண்டிருக்கும். வெளியே கேமரா தரவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கிரகணத்தன்று காலை நாங்கள் இடம் செய்கிறோம் என்று நினைத்துச் செய்தது, அட்டைக்கு வேலை வைத்ததுதான்.

கேமராவினுள் சிறிது இடைத்தேக்கம் உண்டு. அட்டை சற்றுத் தயங்கினால் அது தாங்கிக்கொள்ளும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஐந்தாம் வகுப்புத் தொட்டிக் கணக்கு. விநாடிக்கு 12.5 மெகாபைட் உள்ளே வருகிறது, 10 வெளியே போகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 2.5 தேங்கும். தேக்கம் 200 மெகாபைட் கொள்ளுமானால் 80 விநாடியில் தொட்டி வழியும். வழிந்தால் பதிவு நிற்கும். எங்கள் கேமராவின் தேக்கம் எவ்வளவோ, ஆனால் நின்ற நேரத்தை நினைத்துப் பார்க்கையில் இந்தக் கணக்கு என்னை உறுத்தத்தான் செய்கிறது.

கல்லூரிக்குத் திரும்பியதும் மாணவர்கள் அந்த அட்டையைக் கணினியில் செருகி, முழுதும் நிரம்பும் வரை ஒரே தொடராக எழுதிப் பார்த்து, வேகத்தை நேரத்திற்கு எதிரே வரைபடமாக வரைந்தார்கள். தொடக்கத்தில் உயரத்தில் ஒரு சமதளம். பிறகு படிக்கட்டுபோல் ஓர் இறக்கம். அதன் பின் இறுதி வரை மேடும் பள்ளமுமான தாழ்நிலம். பள்ளங்களில் சில 12.5 கோட்டுக்குக் கீழே இருந்தன. அந்த வரைபடம் எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் இன்னமும் இருக்கிறது.

இப்போது முகப்பின் சிறிய எழுத்துகளுக்கு வருவோம். என் அட்டையில் அவையும் இருந்தன. ஆங்கிலச் ‘சி’ எழுத்தின் வயிற்றுக்குள் 10 என்றும், ‘யு’ எழுத்தின் கிண்ணத்துக்குள் 1 என்றும் கண்ணை இடுக்கிப் பார்க்கும் அளவில் அச்சாகியிருந்தன. இவைதாம் கீழ் எல்லையைச் சொல்லும் குறிகள். 2000ஆம் ஆண்டு அமைந்த எஸ்டி சங்கம் என்னும் தயாரிப்பாளர் கூட்டமைப்பு இவற்றை வகுத்தது. சி 10 என்றால் விநாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்பது உறுதி. யு 1 என்றாலும் அதே 10. யு 3 என்றால் 30. வி என்ற எழுத்தை அடுத்து 30, 60, 90 என்று வந்தால் அத்தனை மெகாபைட். எனது அட்டை எனக்கு உறுதியளித்தது 10. நான் கேட்டது 12.5. அட்டை வாக்குத் தவறவில்லை. ஸ்டுடியோக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது தேடியது இந்தச் சின்னக் குறியைத்தான் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் சுரங்கவழி விளைவைப் படித்தவர் அல்லர். தாலி கட்டும் நேரத்தில் பதிவு நின்றால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்.

கீழ் எல்லையை உறுதியாகச் சொல்ல ஒரு குறி வகுத்ததற்காக அந்தச் சங்கத்தைப் பாராட்ட வேண்டும். வேறு பல பொருள்களில் இந்த அளவு உறுதிகூடக் கிடையாது. ஆனால் அதை வகுத்த முறையைப் பாராட்ட முடியவில்லை. 2006இல் சி வரிசை வந்தது. பின்னர் யு வந்தது. 2013இல் யு 3 சேர்ந்தது. 2016இல் வி வந்தது. புதியது வந்தபின் பழையதை நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. அதனால் ஒரே அட்டையில் சி 10, யு 3, வி 30 மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. சியிலும் வியிலும் எண்ணை அப்படியே மெகாபைட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்; யுவில் மட்டும் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். யுவுக்குள் இருக்கும் 1 எழுதும் வேகத்தைச் சொல்கிறது. பக்கத்திலேயே நிற்கும் உரோமானிய ஒன்று பாதையைச் சொல்கிறது. என் மாணவன் ஒருவன் தேர்வு விடைத்தாளில் அலகுகளை இப்படிக் கலந்து எழுதினால் மதிப்பெண் போடுவேனா?

இவை போதாதென்று ஏ 1, ஏ 2 என்ற குறிகளும் உண்டு. கைபேசியில் செயலிகளை அட்டையில் வைத்து இயக்குவதற்கானவை அவை. சிறு சிறு துண்டுகளாக இங்குமங்கும் படித்து எழுதும் திறனை அவை அளக்கின்றன. தொடர்ந்து எழுதும் வேகம் இரண்டிலுமே 10 மெகாபைட் என்றுதான் உறுதி. ஆகவே ஏ 2 என்பதைப் பார்த்து, இது ஏ 1ஐவிட உயர்ந்தது, வீடியோவுக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

விற்பனை வாசகங்களில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ‘4கே வீடியோவுக்கு ஏற்றது’. 4கே என்பது படத்திலுள்ள புள்ளிகளின் கணக்கே தவிர, தரவு ஓடும் வேகம் அன்று. 3840ஐ 2160ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட், விநாடிக்கு 30 படம் என்று கொண்டால் விநாடிக்கு 746 மெகாபைட் வரும். எந்தக் கேமராவும் இதை அப்படியே சாதாரண அட்டையில் எழுதுவதில்லை, சுருக்கித்தான் எழுதுகிறது. எவ்வளவு சுருக்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கைபேசி 4கே படத்தை விநாடிக்கு 50 மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால் 6.25 மெகாபைட் போதும். சி 10 அட்டையே தாங்கும். எங்கள் கேமரா சுருக்கியது அறுபதில் ஒரு பங்குக்கு. 2017இல் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பானசோனிக் ஜிஎச்5 போன்ற கேமராக்கள் அதே 4கே படத்தை 400 மெகாபிட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 50 மெகாபைட்டாக எழுத வல்லவை. அதற்கு வி 60 வேண்டும். மூன்றும் 4கேதான். மூன்றுக்கும் ஒரே அட்டையைக் காட்டி ‘ஏற்றது’ என்றால் எதற்கு ஏற்றது?

ஆகவே நீங்கள் அட்டை வாங்கும் முன் படிக்க வேண்டிய முதல் வாசகம் அட்டையில் இல்லை. கேமராவின் கையேட்டில் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் பதிவு முறை விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்று பாருங்கள். எட்டால் வகுங்கள். கிடைக்கும் எண்ணைவிடப் பெரிய எண் வி எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 100 மெகாபிட்டானால் வி 30 வேண்டும். அதில் இருமடங்குக்கு மேல் இடைவெளி கிடைக்கும். 200 மெகாபிட் என்றால் 25. அதற்கும் வி 30 போதும், ஆனால் ஒட்டிப் போகும். அந்த உறுதியும் கேமரா நெறிமுறைப்படி தொகுதி தொகுதியாக வரிசையாக எழுதும்போதுதான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். பதிவுக்கு முன் கேமராவிலேயே அட்டையை ஃபார்மேட் செய்யச் சொல்வது இதற்காகவே.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கிரகணத்தில் சூடுபட்டபின் நான் கொஞ்ச காலம் எல்லோரிடமும் வி 90 வாங்குங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் அறியாமையே. கைபேசியில் எடுக்கும் படத்திற்கு வி 90 அட்டை வாங்குவது, சைக்கிளுக்கு லாரி டயர் வாங்குவது போன்றது. அதன் விலையில் வி 30 அட்டைகள் பல வாங்கலாம். இன்று பல கைபேசிகளில் அட்டை செருகும் இடமே இல்லை என்பது வேறு விஷயம். சுருக்காத மூலப் படத்தை அப்படியே பதிவுசெய்யும் தொழில்முறைக் கேமராக்களுக்கு வி 90கூடப் போதாது. அவர்கள் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேறு இன அட்டைக்குப் போகிறார்கள். அங்கும் இதே கதைதான்: விநாடிக்கு 1700 வரை என்று முகப்பில் முழங்கும், விபிஜி 400 என்ற சிறு குறி இருந்தால், 400க்குக் குறையாது என்று பொருள். குறி இல்லாவிட்டால் உறுதியும் இல்லை.

கொள்ளளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 128 கிகாபைட் அட்டையைக் கணினியில் செருகினால் 119 என்று காட்டும். யாரும் திருடவில்லை, ஒருவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், மற்றவர் 1024ஆல் வகுக்கிறார். அந்த அட்டையில் 100 மெகாபிட் வேகத்தில் 2 மணி 50 நிமிடம் பதிவு செய்யலாம். 400 மெகாபிட் வேகத்தில் 42 நிமிடத்திற்குச் சற்று மேல். உண்மையான திருட்டு வேறு இடத்தில் நடக்கிறது. சிறிய அட்டையின் கட்டுப்பாட்டுச் சில்லில் பொய் சொல்ல வைத்து, பெரிய அட்டை என்று காட்டும் போலிகள் சந்தையில் உண்டு. இடம் முடிந்த பிறகும் அவை எழுதுவதுபோலவே நடிக்கும். வீட்டிற்கு வந்து பார்த்தால்தான் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் அட்டை முழுவதும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். வாங்கிய அன்றே ஒருமுறை அதை ஓடவிடுங்கள். எழுதும் வேகமும் அப்போதே தெரிந்துவிடும்; எங்கள் மாணவர்கள் வரைந்த படத்தை நீங்களும் வரைந்துவிடலாம்.

உறையின் மேல் 5 ஆண்டு, 10 ஆண்டு, வாழ்நாள் உத்தரவாதம் என்றெல்லாம் போட்டிருக்கும். அதன் சின்ன எழுத்துகளையும் படியுங்கள். கெட்டுப்போன அட்டைக்குப் புதிய அட்டை தருவார்கள். அதிலிருந்த பதிவுக்கு யாரும் பொறுப்பில்லை.

2031 மே 21 அன்று இன்னொரு வளையச் சூரிய கிரகணம் வருகிறது. இம்முறை பாதை கேரளத்தின் தென்பகுதி, தேனி, மதுரை வழியாகச் செல்கிறது. எங்கள் மாணவர்கள் இப்போதே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பயணச் செலவு, வடிகட்டி, தொலைநோக்கி என்று போகும் அந்தப் பட்டியலில் வி 30 அட்டை இரண்டு என்று ஒரு வரி இருக்கிறது. ஒன்று பகுதி கிரகணத்திற்கு, மற்றொன்று வளையத்திற்கு மட்டும், காலியாக. அதற்கு எதிரே அடைப்புக்குறிக்குள், ஸ்டுடியோ அண்ணனிடம் காட்டிவிட்டு வாங்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். பழைய அட்டை இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்து வெப்பமானிக் கருவியில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு எண்ணை எழுதிக்கொள்கிறது. இதுவரை ஒருமுறையும் நின்றதில்லை.